கிண்ணக் காளான்களை இனம் அறிதல்

காளான் என்றவுடன் மழைக்குப் பின் குடை விரித்து நிற்கும் வகையே பெரும்பாலோர் நினைவில் தோன்றும். குடையே இல்லாத காளான்களும் பல்லாயிரம் உண்டு. அவற்றுள் ஒரு பெரும் பிரிவிற்குக் கிண்ணக் காளான்கள் என்று பெயர். உதிர்ந்த இலை, இற்றுப்போன சுள்ளி, சாணம், பழங்கொட்டை முதலியவற்றின்மேல் இவை அகல் போலவும், காம்புள்ள சிறு கிண்ணம் போலவும் முளைக்கும். கடுகளவும் மிளகளவுமே உள்ளவை இவற்றில் அநேகம். குனிந்து தேடுவோர் கண்ணுக்கன்றி மற்றவர்க்கு அவை புலப்படுவதில்லை.

இத்தனை அற்பமான பொருளை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிவதனால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கக்கூடும். ஐரோப்பா கண்டத்தில் ஆஷ் மரங்களுக்கு நேர்ந்த கதியே இக்கேள்விக்குத் தக்க விடையாகும். அங்கே உருவத்தில் ஒன்று போல் தோன்றும் இரண்டு வெண்ணிறக் கிண்ணக் காளான்களைச் சில வருஷ காலம் ஒன்றென்றே கருதியதனால், காலத்தில் செய்திருக்க வேண்டிய தடுப்பு வேலை தாமதப்பட்டது. அவ்வரலாறும், இக்காளான்களை மைக்ராஸ்கோப் என்னும் பெரிய பூதக்கண்ணாடியின் உதவியால் இனம் அறியும் முறையும் இங்கே சுருக்கமாகக் கூறப்படும்.

ஆஷ் மரமும் அதன் வியாதியும்

ஆஷ் மரம், மல்லிகை, பவளமல்லி, ஒலிவம் ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சார்ந்தது. அதன் இலை, வேப்பிலையைப் போலவே, நடுவில் ஓர் ஈர்க்கும் அதன் இரு பக்கங்களிலும் சிற்றிலைகளும் கொண்டது. மரம் உறுதியும் துவளும் தன்மையும் ஒருங்கே உடையது. ஆகையால் ஐரோப்பியக் குடியானவர்கள் கோடாலிக் காம்பு, மண்வெட்டிக் காம்பு, வண்டிச் சக்கரத்தின் வட்டை, துடுப்பு முதலியவற்றிற்கு நெடுங்காலமாக இதனை நாடி வந்தார்கள். அயர்லாந்தில் ஹர்லிங் என்னும் பந்தாட்டத்திற்குரிய மட்டைகளும் இம்மரத்தின் அடிப்பாகத்திலிருந்தே செய்யப்பட்டு வந்தன.

1990ஆம் வருஷத்தை அடுத்த சில வருஷங்களில், போலந்து தேசத்தில் ஆஷ் மரங்களின் நுனிக் கிளைகள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. இலைகள் கருகி வாடின. கிளைகளின் பட்டையில் நீண்ட பழுப்புப் புண்கள் கண்டன. இளமரங்கள் சில வருஷங்களுக்குள்ளேயே மடிந்தன. முதிர்ந்த மரங்களின் தலை மொட்டையாகி, அவை வேறு வியாதிகளுக்கும் இரையாயின. வியாதி வருஷந்தோறும் அண்டை தேசங்களுக்குப் பரவியது. 2006இல் தடேயுஷ் கோவால்ஸ்கி என்ற போலந்து சாஸ்திரி, இவ்வியாதியுற்ற மரங்களிலிருந்து ஒரு காளானைப் பிரித்தெடுத்து, அதற்குக் கலாரா பிராக்ஸினியா என்று பெயரிட்டார். வளர்ப்புத் தட்டில் அது கிண்ணம் எதனையும் தரவில்லை. சேர்க்கையின்றி உண்டாகும் ஒருவகை நுண்வித்துக்களையே தந்தது. ஆதலால் அது காளான் குலத்தில் எக்கிளையைச் சேர்ந்தது என்பது அப்போது நன்கு விளங்கவில்லை.

ஒன்றென எண்ணிய இரண்டு

முந்திய வருஷம் உதிர்ந்து தரையில் கிடக்கும் ஆஷ் இலைகளின் ஈர்க்குகளில், கோடைகாலத்தில் சிறு வெண்கிண்ணங்கள் முளைப்பதை ஐரோப்பியர் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அறிந்திருந்தார்கள். அக்காளானுக்கு ஹைமனோஸ்கைபஸ் ஆல்பிடஸ் என்று பெயர். அது உதிர்ந்ததை மக்கச் செய்யும். உயிருள்ள மரத்திற்கு அதனால் தீங்கு உண்டானதாக எவரும் கண்டதில்லை. 2009இல் கோவால்ஸ்கியும், ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த ஹோல்டன்ரீடரும், கலாராவின் கிண்ணப் பருவம் இவ்வெண்கிண்ணங்களே என்று கண்டார்கள். உருவத்தில் அவை ஆல்பிடஸை ஒத்திருந்தபடியால், வியாதிக்குக் காரணம் அப்பழைய காளானே என்று எழுதினார்கள்.

அம்முடிவு ஒழுங்கான பரிசோதனையில் பிறந்ததே. ஆயினும் அதனால் ஒரு சங்கடம் விளைந்தது. வெளியிலிருந்து புதிதாக வரும் வியாதியைத் துறைமுகத்திலேயே நிறுத்தலாம். நெடுங்காலமாக நாட்டிலேயே உள்ள ஒரு காளானைத் தடுப்பதற்காக இறக்குமதியைத் தடை செய்வதில் பொருள் இல்லை என்று தோன்றும். 2009இல் பிரிட்டனில் நாற்று வியாபாரிகளின் தரப்பிலிருந்தே, வெளிநாட்டு ஆஷ் நாற்றுக்களைத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. காளான் ஏற்கெனவே உள்நாட்டில் இருக்கிறது என்ற காரணத்தால் அப்போது தடை விதிக்கப்படவில்லை. நாற்றுக்கள் தொடர்ந்து வந்து கொண்டிருந்தன.

2011இல் ஸ்விட்ஸர்லாந்து சாஸ்திரிகளும் கோவால்ஸ்கியும் கூடி, பாரம்பரியப் பொருளாகிய டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, ஆல்பிடஸ் என்று அழைக்கப்பட்டவற்றுள் உண்மையில் இரண்டு இனங்கள் கலந்திருப்பதை வெளியிட்டார்கள். மரத்தைக் கொல்வது ஒன்று. தீங்கற்ற பழையது மற்றொன்று. 2012இல் வந்த வேறோர் ஆராய்ச்சி, கொல்லும் காளான் ஜப்பானில் மஞ்சூரியா ஆஷ் மரத்தின் இலைகளில் வேறு பெயருடன் முன்னமே அறியப்பட்டதுதான் என்று காட்டியது. தன் சொந்த நாட்டு மரத்திற்கு அது பெருந்தீங்கு செய்வதில்லை. அதனோடு பழகியிராத ஐரோப்பிய மரத்தையே அழிக்கிறது. 2014இல் அதற்கு ஹைமனோஸ்கைபஸ் பிராக்ஸினியஸ் என்ற பெயர் நிலைபெற்றது.

இதற்கிடையில், 2012 பிப்ரவரியில் இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஒரு நாற்றுப் பண்ணையில், வெளிநாட்டிலிருந்து வந்த நாற்றுக்களில் வியாதி கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வருஷம் அக்டோபரில் கிழக்கு இங்கிலாந்தின் காடுகளிலும், அயர்லாந்தில் இறக்குமதி நாற்றுக்களால் உண்டாக்கப்பட்ட ஒரு தோப்பிலும் அது காணப்பட்டது. அக்டோபர் 29ஆம் தேதி பிரிட்டன் ஆஷ் நாற்று இறக்குமதியைத் தடை செய்தது. அதற்குள் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட இளமரங்களை அழிக்க வேண்டியதாயிற்று.

இனம் அறியும் படிகள்

கிண்ணக் காளானை அறிவதற்கு முதற்படி அது முளைத்த இடத்தை அறிதல். இவற்றிற் பல, இன்ன மரத்தின் இன்ன பாகத்தில்தான் முளைப்பது என்ற நியதி உடையவை. மேற்கூறிய காளான்களுக்கு உறவான ஹைமனோஸ்கைபஸ் பிரக்டிஜீனஸ், விழுந்து கிடக்கும் ஓக் மரக் கொட்டைகளிலும் ஹேஸல் கொட்டைகளிலும் முளைக்கும். ஆகவே கிண்ணத்தை மட்டும் கிள்ளி எடுத்து வருபவன் பாதிச் சாட்சியத்தைக் காட்டிலேயே விட்டு வருகிறான். ஈர்க்கோ, சுள்ளியோ, கொட்டையோ அதனுடன் சேர்த்தே எடுத்து, மர இனத்தையும் தேதியையும் இடத்தையும் குறித்து வைத்தல் அவசியம்.

இரண்டாவது, சுமார் 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடியால் பார்த்தல். கிண்ணத்திற்குக் காம்பு உண்டா, நிறம் யாது, விளிம்பில் மயிர் உண்டா, அடியிலுள்ள பொருள் கறுத்திருக்கிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். ஆஷ் ஈர்க்கில் வளரும் இவ்விரு காளான்களும் ஈர்க்கின்மேல் கரிய மேலோடு ஒன்றை உண்டாக்குகின்றன. கொல்லும் இனத்தில் அக்கருமை பெரும்பாலும் ஈர்க்கு முழுவதையும் மூடும். பழைய இனத்தில் பெரும்பாலும் திட்டுத் திட்டாக இருக்கும். இது ஒரு குறிப்பேயன்றி முடிவான சாட்சியம் அன்று.

மூன்றாவது, கிண்ணத்தை உயிருடன் பார்த்தல். சவர அலகினால் கிண்ணத்தை மிக மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி சுத்தமான தண்ணீரில் இட்டு மூடி, மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். முற்காலத்தில் உலர்த்தி வைத்த மாதிரிகளையே மருந்து நீரில் ஊறவைத்துப் பார்ப்பது பெருவழக்கு. ஜெர்மனியைச் சேர்ந்த ஹன்ஸ்-ஓட்டோ பாரல் 1992இல் எழுதிய ஆராய்ச்சியில், உயிருள்ள அணுவறைக்கும் இறந்த அணுவறைக்கும் உருவத்திலும் அளவிலும் உள்ள வேற்றுமையை விரிவாக எடுத்துக் காட்டினார். அணுவறை இறந்தால் அதனுள் இருந்த திரவக் குமிழ்கள் மறையும், பைகள் சுருங்கும். ஆதலால் ஒருவர் உயிருள்ளதையும் மற்றொருவர் உலர்ந்ததையும் அளந்து ஒப்பிட்டால் கணக்கு ஒருபோதும் சரிவராது.

பையும் வித்தும்

கிண்ணத்தின் உட்புறத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வயலில் நெருங்கி நிற்கும் நாற்றுப் போல நீண்ட பைகள் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு பையிலும் பொதுவாக 8 வித்துக்கள் உண்டு. பைகளுக்கு இடையிடையே வித்தில்லாத மலட்டு இழைகள் நிற்கும். அவ்விழைகளின் நுனி உருண்டதா, வேலின் அலகு போல் கூரியதா என்பதும் இனம் அறிய உதவும்.

முதலில் பையின் நுனியைப் பார்க்க வேண்டும். கிண்ணக் காளான்களில் ஒரு சாராரின் பை, செம்பின் மூடி திறப்பது போல் ஒரு சிறு மூடி திறந்து வித்தை வெளியே தள்ளும். மற்றொரு சாராருக்கு மூடி இல்லை. நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியே வித்து பீறிட்டு வெளிவரும். ஆஷ் ஈர்க்குக் காளான்கள் இரண்டும் மூடியில்லாத சாராரைச் சேர்ந்தவை.

துவாரத்தைச் சுற்றியுள்ள வளையத்தை அயோடின் திரவத்தால் சோதிப்பது அடுத்த வேலை. அரிசிக் கஞ்சியில் அயோடின் பட்டால் நீலம் தோன்றுவது போல, சில இனங்களில் இவ்வளையம் நீலமாகும்; சிலவற்றில் செந்நிறமாகும்; சிலவற்றில் நிறம் மாறாது. இங்கும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். லூகால் திரவம், மெல்ஸர் திரவம் என அயோடின் திரவம் இரு வகை. லூகாலில் செந்நிறம் காட்டும் வளையம் மெல்ஸரில் நிறமே காட்டாமல் இருந்துவிடக்கூடும் என்று பாரல் 1987இல் விளக்கினார். எந்தத் திரவம் பயன்படுத்தப்பட்டது என்று எழுதாத குறிப்பினால் பயன் குறைவு.

பிறகு வித்தை அளக்க வேண்டும். அளவு மைக்ரான் என்ற கணக்கில் சொல்லப்படும். 1,000 மைக்ரான் சேர்ந்தது 1 மில்லிமீட்டர். கொல்லும் இனத்தின் வித்து, பெரும்பாலும் 13 முதல் 21 மைக்ரான் நீளமும், 3 முதல் 5 மைக்ரான் அகலமும் உள்ளது. ஒரு முனை சற்றே வளைந்து, செருப்பின் அடி போன்ற வடிவினது. ஒரு வித்தை மட்டும் அளந்து தீர்ப்புக் கூறலாகாது. தானாக வெளிவந்து முதிர்ந்த வித்துக்களில் இருபது முப்பதை அளந்து, சிறுமை பெருமை இரண்டையும் எழுத வேண்டும். பைக்குள் இருக்கும் வித்து முதிராததாக இருக்கலாம்.

கொக்கி என்னும் சாட்சி

இவ்வளவு பார்த்த பின்னும் நம் இரு காளான்களும் பிரிந்து நிற்கவில்லை. இடம் ஒன்று, நிறம் ஒன்று, வித்தின் வடிவமும் அளவும் ஒன்றோடொன்று கலக்கின்றன, அயோடினில் இரண்டும் நீலமே காட்டுகின்றன. சங்கத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்பவர், கூட்டுத்தொகை சரியாக இருப்பதைக் கண்டு திருப்தி அடையாமல், ஒவ்வொரு ரசீதின் அடிக்கட்டையையும் பார்ப்பது வழக்கம். இங்கும் அவ்வாறே பையின் அடியைப் பார்க்க வேண்டும்.

பை உண்டாகும் விதம் இரண்டு. ஒரு வகையில், பையைத் தோற்றுவிக்கும் இழையின் நுனி, கதிர் கொய்யும் தொரட்டி போல் பின்னோக்கி வளைகிறது. வளைவிலுள்ள நடு அறையே மேல்நோக்கி நீண்டு பையாகிறது. வளைந்த நுனி கீழே வந்து இழையுடன் மீண்டும் ஒட்டிக் கொள்கிறது. பை முதிர்ந்த பின்னும் இக்கொக்கியின் அடையாளம் அதன் அடியில் எஞ்சி நிற்கும். மற்றொரு வகையில் இவ்வளைவு இல்லை. இழையின்மேல் ஒரு குறுக்குச் சுவருடன் பை நேரே எழுகிறது.

2014இல் பாரலும் பெம்மனும் வெளியிட்ட ஒப்பீட்டு ஆராய்ச்சி இவ்வேற்றுமையைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. மரத்தைக் கொல்லும் பிராக்ஸினியஸின் பைகள் கொக்கியிலிருந்து பிறப்பவை. தீங்கற்ற ஆல்பிடஸின் பைகளில் கொக்கி இல்லை. ஒரு கண்டத்தின் மரங்களைப் பற்றிய கேள்விக்கு உருவத்தால் கிடைக்கும் விடை, சில மைக்ரான் அளவுள்ள ஒரு வளைவில் அடங்கியிருக்கிறது.

இதனைக் காண்பது எளிதன்று. சீவலை மெதுவாக அமுக்கிப் பைகளை ஒன்றினின்று ஒன்று பிரிக்க வேண்டும். காங்கோ சிவப்பு என்னும் சாயம் ஊட்டினால் அணுச்சுவர்கள் தெளிவாகத் தெரியும். எண்ணெய்த் துளியிட்டுப் பார்க்கும் 1,000 மடங்குக் கண்ணாடி தேவை. ஒரு பையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பல பைகளின் அடியைப் பார்த்தே கூற வேண்டும். சந்தேகம் எஞ்சினால் டி.என்.ஏ. பரிசோதனை அதனைத் தீர்த்து வைக்கும். ஆயினும் எந்த மாதிரியை அப்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பதற்கும், பழைய சேகரங்களில் உள்ளவற்றைச் சோதிப்பதற்கும் மைக்ராஸ்கோப்பின் உதவி இன்றும் வேண்டியதாகவே இருக்கிறது.

விளைந்த நஷ்டம்

கொல்லும் காளானின் வித்துக்கள் கோடையில் கிண்ணங்களிலிருந்து காற்றில் எழுந்து பசுமையான இலைகளில் விழுகின்றன. இலையிலிருந்து ஈர்க்கு வழியாகக் கிளைக்குள் இறங்குகின்றன. இலை உதிர்ந்த பின் ஈர்க்கில் குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த கோடையில் மீண்டும் கிண்ணமாக வெளிப்படுகின்றன. இச்சக்கரம் ஒரு காட்டில் நிலைத்துவிட்டால் அதனை அறுப்பது இயலாத காரியம். தோட்டங்களில் உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிப்பதோ புதைப்பதோ ஓரளவு குறைக்கும். காடு முழுவதையும் கூட்ட ஒருவராலும் முடியாது.

பிரிட்டனுக்கு மட்டும் இவ்வியாதியால் 100 வருஷங்களில் ஏற்படக்கூடிய செலவும் நஷ்டமும் 1,500 கோடி பவுன் என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. விழும் நிலையிலுள்ள மரங்களைச் சாலையோரங்களிலிருந்து வெட்டி அகற்றுவதும் இச்செலவில் ஒரு பகுதி. மற்றொரு நஷ்டம் பணத்தால் அளவிடத்தக்கதன்று. தீங்கற்ற பழைய ஆல்பிடஸும், ஒரே ஈர்க்கில் இடம் தேடும் புதியதன் நெருக்கத்தால் மறைந்து வருகிறது. டென்மார்க்கில் அது முன்பு இருந்த இடங்களில் தேடியும் அகப்படவில்லை என்று 2012இல் எழுதப்பட்டது. ஒருவன் செய்த குற்றத்திற்குப் பெயர் ஒப்புமையால் சந்தேகிக்கப்பட்ட மற்றொருவன், தன் வீட்டையும் இழந்த கதை இது.

2018இல் வெளிவந்த பாரம்பரிய ஆராய்ச்சி இன்னும் வியக்கத்தக்க செய்தியைத் தந்தது. ஐரோப்பா முழுவதும் பரவிய இக்காளான் கூட்டம், தொடக்கத்தில் வந்து சேர்ந்த இரண்டே தனிக் காளான்களின் சந்ததி என்று அது கண்டது. இவை இரண்டும் வந்தபோது எவர் கண்ணிலும் படவில்லை.

நம்பிக்கைக்கும் சிறிது இடம் உண்டு. வியாதி மிகுந்த தோப்புக்களிலும் நூற்றில் ஒரு சில மரங்கள் பசுமை குன்றாமல் நிற்கின்றன. அவ்வலிமை விதை வழியாகச் சந்ததிக்கும் செல்வதாகப் பரிசோதனைகள் காட்டுகின்றன. அம்மரங்களைக் குறித்து வைத்து, அவற்றிலிருந்து நாற்று உண்டாக்கும் வேலை பல தேசங்களில் நடந்து வருகிறது. வியாதி கண்டவுடன் தோப்பு முழுவதையும் வெட்டிவிட்டால் தாங்கும் மரமும் உடன் அழியும். ஆதலால் ஆபத்தில்லாத இடங்களில் மரங்களை நிற்கவிட்டுக் கவனிப்பது நலம் எனப்படுகிறது.

இவ்வரலாற்றிலிருந்து கொள்ள வேண்டிய படிப்பினைகள் சில. அந்நிய இடத்திலிருந்து நாற்று வாங்கும்போது, அதனுடன் வரும் மண்ணையும் இலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வழக்கத்திற்கு மாறாக மரம் வாடினால், முளைத்திருப்பது பழைய காளான்தானே என்று விட்டுவிடாமல், முளைத்த பொருளுடன் அதனைச் சேகரித்து, அறிந்தவரிடம் காட்ட வேண்டும். ஒரு பொருளுக்குப் பெயர் இட்டுவிட்டதனால் அதனை அறிந்துவிட்டோம் என்று கருதலாகாது. ஆஷ் மரத்தைப் பொறுத்த அளவில் அவ்வெண்ணத்திற்கும் உண்மைக்கும் இடையே இருந்த தூரம் ஒரு கொக்கியின் அளவே. அதனைக் கடப்பதற்குள் நாற்றுக்கள் கடல் கடந்து போய்ச் சேர்ந்துவிட்டன.